பசியில் தொடங்கி ஏப்பத்தில் முடிந்த கவிதை

கோணலூர்ப் பண்ணையார் ரத்தினசபாபதி வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று புலவர்கள் வந்து சேர்ந்தார்கள். யாரும் அழைக்கவில்லை, சாம்பார் வாசனைதான் அழைத்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாதவர்கள். பார்க்கவே பாவமாக இருந்தது.

பண்ணையாருக்கோ புலவர்களைச் சீண்டிப் பார்ப்பதில் தனி ஆசை.

"வைர வடிவத்துல ஒரு கவிதை எழுதுங்க. முதல் வரியில ஒரு சொல், அப்புறம் ரெண்டு, மூணு, நடுவரியில நாலு. பிறகு அதே மாதிரி குறைஞ்சு கடைசியில ஒண்ணு. பசியில ஆரம்பிச்சு, அதுக்கு நேர்மாறா ஏப்பத்துல முடியணும். நடுவரி பாதி பசி, பாதி நிறைவு. நீங்களே அனுபவிச்சு உணராத சொல் ஒண்ணுகூட வரக் கூடாது. எழுதிட்டா மூணு பேருக்கும் விருந்து."

மூத்தவர் சிங்காரம் 'பசி' என்று உடனே எழுதிவிட்டார். அதில் அவருக்குச் சிரமமே இல்லை.

"ஏப்பம்னு எழுதணும்னா சாப்பிடணும். சாப்பிடணும்னா ஏப்பம்னு எழுதணும்," என்றார் நடேசன்.

வெகுநேரம் யோசித்துச் சிங்காரம் சொன்னார்: "மேல்பாதி என்னோடது. நான் பட்டினி. கீழ்ப்பாதி நம்ம இளையவன் பக்கிரியோடது. அவன் சாப்பிடட்டும். நடேசா, நடுவரிக்கு நீ பாதி வயிறு சாப்பிடு."

"எந்தப் பாதிண்ணே?"

நியாயமான கேள்விதான். வரியின் இடப்பக்கம் பசி, வலப்பக்கம் நிறைவு. ஆகவே, சமையல்காரரிடம் கெஞ்சிக் கொஞ்சம் சாம்பார் சாதம் வாங்கிப் பக்கிரிக்குப் போட்டார்கள். மிச்சத்தை, நடேசனை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து ஊட்டினார்கள். சிங்காரம் அவர் வயிற்றில் காது வைத்துக் கேட்டார்.

"இடப்பக்கம் காலிதான். அசையாதே."

பக்கிரிக்கு ஏப்பம் வந்ததும் கவிதை முடிந்தது:

பசி
வெறும் வயிறு
காயும் சுருளும் கத்தும்
இடப்பக்கம் காலி வலப்பக்கம் சாம்பார்
மெல்லும் விழுங்கும் நக்கும்
புடைத்த தொந்தி
ஏப்பம்

பண்ணையார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜெயிச்சுட்டீங்கய்யா! மூணு இலை போட்டாச்சு, வாங்க!"

சிங்காரம் இலையைப் பார்த்தார். வடை, அவியல், பாயசம். கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிக்கணும்யா. நான் சாப்பிட்டா முதல் வரி பொய்யாயிடும்."

படுத்திருந்த நடேசன் பதறினார்: "என்னையும் யாரும் புரட்டிடாதீங்க. நடுவரி கலங்கிடும்!"

"நீங்க ரெண்டு பேரும் கவலைப்படாதீங்கண்ணே," என்று மூன்று இலைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் பக்கிரி. "கடைசி வரியை நான் இன்னும் கொஞ்சம் பலப்படுத்திடறேன்."