மூத்தகரடு ஏன் பதில் சொல்வதில்லை

அந்தக் காலத்தில் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் சடையாண்டியின் ஆடுகள் மொத்தமும் தப்பான மலைக்குப் போய்விட்டன. அவன் கூப்பிட்டது இங்கே. அவை போனது அங்கே.

இங்கே என்றால் மூத்தகரடு. உயரம் ஒன்றும் பெரிதில்லை, மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் உச்சி வந்துவிடும். அப்போது அது இப்போது கிடப்பதைப் போல உருண்டைக் கல் குவியல் இல்லை. முட்டையைக் கவிழ்த்து வைத்தது போல ஒரே பாறை. ஒரு கீறல் கிடையாது. அங்கே என்றால் மேற்கே நிற்கும் நெட்டைமலை. கரடு பூமியை விட்டு எழுந்து வெகு காலம் கழித்துத்தான் நெட்டைமலை எழுந்தது. அதனால் அது தம்பி. தம்பி வளர்ந்துகொண்டே போனது. அண்ணன் வெயிலிலும் மழையிலும் தேய்ந்துகொண்டே வந்தது.

மலைகள் பேசிய காலம் அது. ஆடு மேய்க்கிறவர்கள் சாயங்காலம் மேலே ஏறித் தேட மாட்டார்கள். அடிவாரத்தில் நின்று ஒரு குரல் கொடுப்பார்கள். கரடு அதை வாங்கிக்கொண்டு, சடையாண்டி வந்துவிட்டான் இறங்குங்கள் என்று ஆடுகளிடம் சொல்லும். ஆடுகள் இறங்கும். கரடு செய்த ஒரே வேலை அதுதான். அந்த ஒரு வேலைக்காகத்தான் அது பகல் முழுக்க வெயிலில் காத்துக் கிடந்தது.

அன்றைக்குச் சடையாண்டி குரல் கொடுத்ததும், கரடு வாயைத் திறப்பதற்குள் நெட்டைமலை முந்திக்கொண்டது. பெரிய தொண்டை அதற்கு. ஒரு தடவை சொன்னது, பள்ளத்தாக்கில் உருண்டு உருண்டு பல தடவை வந்தது. ஆடுகள் அந்தப் பக்கமே ஓடின. போன இடத்தில் புல்லும் இருந்தது. அப்புறம் யார் திரும்பி வருவார்கள்?

"கோவிச்சுக்காதண்ணே, சும்மா சொல்லிப் பார்த்தேன்" என்றது நெட்டைமலை.

அது பொய் சொல்லவில்லை. கரட்டுக்கு ஆகாமல் போனதும் அதுதான். வேண்டுமென்றே செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சும்மா சொல்லிப் பார்த்ததற்கே ஆடுகள் போய்விட்டன என்றால் என்ன செய்வது?

கரட்டிடம் எதுவும் இல்லாமல் இல்லை. அதன் இடுப்பில் யாரோ எந்தக் காலத்திலோ செங்காவியில் வரைந்த மான்கள் இருந்தன. அடிவாரக் குகையில் துறவிகள் வெட்டிய கல் படுக்கைகள் இருந்தன, தலை வைக்க மேடு விட்டு, வழுவழுவென்று. உச்சியில் கோடையிலும் வற்றாத சுனை இருந்தது. இதையெல்லாம் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். நெட்டைமலையைப் பார்க்க மேகம் மட்டும்தான் வந்தது. ஆனால் கரடு அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பொறாமை வந்துவிட்டால் மலைக்கும் புத்தி அவ்வளவுதான்.

"ஒரு காலத்துல நானும் அவ்வளவு உயரம்" என்று தன் மேல் குடியிருந்த உடும்பிடம் சொன்னது.

"இருக்கும்" என்றது உடும்பு. நம்பாதவர்கள் சொல்கிற 'இருக்கும்' அது.

இருட்டுவதற்குள் கரடு சடையாண்டியைக் கூப்பிட்டு நிறுத்தியது. விடிந்ததும் போய் ஆடுகளைக் கையால் தட்டியே ஓட்டிக்கொண்டு வர வேண்டும், அங்கே நின்று வாய் மட்டும் திறக்கக் கூடாது என்றது. ஏன் என்று கேட்டான்.

"உன் குரல் என்கிட்டத்தான் இருக்கணும்."

சடையாண்டி சரி என்று தலையை ஆட்டினான். வீட்டில் வந்து சொன்னபோது அவன் பெண்டாட்டி ஒச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலைங்களுக்குள்ளயும் சக்களத்திச் சண்டையா? நீ நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்காத" என்றாள். காலையில் தூக்குச்சட்டியில் கூழை ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

நெட்டைமலையில் ஆடுகள் சுலபமாகக் கிடைத்துவிட்டன. சுட்டியைத்தான் காணவில்லை. நெற்றியில் வெள்ளை விழுந்த ஆடு, நிறை சினை. மேகம் இறங்கிக் கண்ணை மறைத்தது. சடையாண்டி பாறை பாறையாகத் தடவிக்கொண்டு போனான். சொன்ன சொல்லுக்காக உதட்டைக் கடித்துக்கொண்டுதான் தேடினான், இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் கால் ஒரு தடவை அந்தரத்தில் போய்த் திரும்பியது. அதற்கு மேல் முடியவில்லை.

"சுட்டீ" என்று கூப்பிட்டான்.

நெட்டைமலை அந்தப் பெயரை எல்லாப் பள்ளத்திலும் கொண்டுபோய்ப் போட்டது. கீழே ஒரு விளிம்பிலிருந்து சுட்டி கத்தியது. இங்கேதான் குட்டி போட்டுக் கிடக்கிறேன், கூப்பிட இவ்வளவு நேரமா என்று திட்டியது. சடையாண்டி இறங்கி இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் அந்தச் சத்தம் அவன் காதை விட்டுப் போகவில்லை. சும்மா ஒரு தடவை தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான். சடையாண்டி, சடையாண்டி, சடையாண்டி என்றது மலை. பிறந்ததிலிருந்து அவனை யாரும் அவ்வளவு பெரிதாகக் கூப்பிட்டதில்லை. அடுத்து ஒச்சம்மா பெயர். பிறகு செத்துப்போன அப்பன் பெயர். பிறகு ஆடுகள் பெயர் ஒவ்வொன்றாக. கூழ் தூக்குச்சட்டியிலேயே புளித்தது. அவன் கூப்பிட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தான்.

அத்தனையும் கரட்டுக்குக் கேட்டது. தன்னுடைய ஆளின் குரல், அடுத்தவன் வாயிலிருந்து.

உடும்பு உச்சிக்கு ஏறி வந்து எட்டிப் பார்த்தது. "ஆடு கெடச்சிருச்சு. இது ஆட்டுக்குப் போடுற குரல் இல்ல" என்றது. பிறகு, "நீ ஒரு தடவைதான சொல்லுவ. அது மூணு தடவை சொல்லுது" என்றது.

கரடு மூச்சை இழுத்தது. நெட்டைமலையைவிடப் பெரிதாக ஒரே ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட வேண்டும், அவன் எழுந்து ஓடி வந்துவிட வேண்டும், கரட்டுக்கு அது போதும். அடிவேரிலிருந்து இழுத்தது. சுனைத் தண்ணீர் நடுங்குவதைப் பார்த்து உடும்பு குதித்து ஓடியது.

கரடு கூப்பிட்டது. முதல் எழுத்துக்கே உச்சியில் விரிசல் விட்டது. அடுத்த எழுத்தில் மான்கள் இருந்த பக்கம் தனியாகக் கழன்று சரிந்தது. அது நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். பெயர் முடிவதற்குள் அந்த ஒரே பாறை ஆயிரம் பாறையாக உடைந்து, உருண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. அடிவாரக் குகையும் படுக்கைகளும் மட்டும் தப்பின.

புழுதி அடங்கியதும் நெட்டைமலை சடையாண்டியிடம் சொன்னது.

"நான் வாயைத் திறந்ததாலதான் அண்ணன் இப்படி ஆயிருச்சு. இனி எனக்குன்னு ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ கீழ போ. அண்ணன் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடு. உன் குரலைக் கேட்டா அது பேசும்."

நெட்டைமலை சொந்தமாகப் பேசிய கடைசிப் பேச்சு அது. அன்று முதல்தான் அது நாம் சொல்வதை மட்டும் திருப்பிச் சொல்கிறது. கரடு அதுகூடச் சொல்வதில்லை. இன்றைக்கும் வேனில் வந்து இறங்குகிறவர்கள் கரட்டில் உடைந்த மான்களைப் பார்க்கிறார்கள், கல் படுக்கையில் படுத்துப் போட்டோ எடுக்கிறார்கள், இந்தக் கல்லையெல்லாம் யார் தூக்கி வைத்தது என்று கேட்கிறார்கள். பிறகு நெட்டைமலைக்குப் போய்த் தங்கள் பெயரையே கத்திக் கேட்டுவிட்டு ஊருக்குப் போகிறார்கள். கல் குவியலைப் போய் யார் கூப்பிடுவார்கள்?

சடையாண்டி அன்றைக்கு நேராகக் கரட்டுக்குத்தான் வந்தான். குட்டி தோளில் இருந்தது. ஒச்சம்மா அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். தம்பிக்காரன் என்ன சொன்னான் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். கூப்பிட்டு, அது உண்மையாகவே பேசி, நான் சொல்லியும் ஏன் வாயைத் திறந்தாய் என்று கேட்டுவிட்டால்? கற்களைப் பார்த்தபடி வாயை ஒரு தடவை திறந்தான். மூடிக்கொண்டான். ஆடுகளைக் கையால் தட்டி, சத்தமில்லாமல் வீட்டுப் பக்கம் ஓட்டினான்.

அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னது நெட்டைமலை. அவன் கூப்பிடவில்லை.