கடிக்காத செருப்பு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கும் கால் வலித்த காலத்தில், இராசகம்பீரன் என்றொரு மன்னன் நாடாண்டான். மதயானையை ஒற்றை அதட்டலில் நிறுத்தியவன் அவன். அப்பேர்ப்பட்டவனை ஒரு ஜோடி செருப்பு படுத்திய பாடு சொல்லி மாளாது! சிறிதாகத் தைத்தால் இடது காலைக் கடிக்கும். பெரிதாகத் தைத்தால் வலது காலிலிருந்து நழுவி ஓடும்.

இளவரசி வடிவாம்பிகையை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, கோட்டை வாசலில் வரவேற்க நின்ற மன்னனின் பெருவிரலைச் செருப்பு நறுக்கென்று கடித்துவிட்டது. முகம் கோணிப் போயிற்று. மாப்பிள்ளையின் தாயார் அதைப் பார்த்துவிட்டாள். "நம்மைக் கண்டதும் முகம் சுளிக்கிறாரே, இந்தச் சம்பந்தம் நமக்குத் தேவையா?" என்று அங்கேயே கேட்டுவிட்டாள். சமாதானம் சொல்லி அனுப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. இப்போது அவர்கள் நிச்சயம் பண்ண மறுபடியும் வருகிறார்கள், நாளை மாலையே! வெறுங்காலோடு சம்பந்தியை எதிர்கொள்வது அந்த நாட்டில் பெரிய அவமரியாதை.

மன்னன் புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்தான். கடித்தது. கழற்றி வீசினான். அது தூணில் மோதி விழுந்தது.

"நாளை மாலைக்குள் எமக்குப் பொருந்தும் செருப்பு வர வேண்டும்! இல்லையேல் செருப்புத் தைப்போர் அனைவரும் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும்!"

அரண்மனைச் செருப்புகளைத் தைக்கும் மாசிலான் வாசலிலேயே மயங்கி விழப் பார்த்தான். விகடகவி கொம்பையன்தான் அவனைத் தாங்கிப் பிடித்தான்.

பிரதானி திருமேனியப்பர் மெல்லச் சிரித்தார். கொம்பையன் மீது அவருக்கு நெடுநாள் புகைச்சல். மன்னனின் இடது பாதம் வலதைவிட ஒரு விரற்கடை நீளம் என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். இடது பாதத்தை அளப்பது அமங்கலம் என்று விதி வைத்தவரே அவர்தான்.

"மன்னர் பெருமானே! எதையும் சாதிப்பேன் என்று மார்தட்டும் கொம்பையனிடம் இப்பணியை ஒப்படையுங்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஜோடியில் இரண்டு செருப்பும் மயிரிழையும் மாறாமல் ஒரே அளவில் இருக்க வேண்டும். தங்கள் திருவடியில் குறை இருப்பதாக அவன் வாய் திறந்தால் தலை போக வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்," என்றான் மன்னன்.

கொம்பையன் பணிந்தான். அந்நேரம் மன்னன் வலித்த கால்கள் இரண்டையும் நீர்த்தொட்டியில் நனைத்துக்கொண்டு அந்தப்புரம் நோக்கி நடந்தான். பளிங்குத் தரையில் ஈரச் சுவடுகள் பதிந்தன. கொம்பையன் குனிந்து பார்த்தான். இன்னொரு தரம் பார்த்தான். சுவடுகள் காய்வதற்குள் மேல்துண்டை விரித்து இரண்டையும் ஒற்றி எடுத்துக்கொண்டு ஓடினான்.

"மாசிலா! எழுந்திருப்பா! ஊசியை எடு!"

"என்ன சாமி, ஊரை விட்டுப் போகச் சொல்லிட்டாங்களே, இனி ஊசி எதுக்கு?"

"யாரும் எங்கேயும் போகல. நான் சொல்றபடி தைச்சுக் குடு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் சபை கூடியது. கொம்பையன் ஒரு பெட்டியைத் திறந்து, பொற்சரிகை வேய்ந்த சிவப்புச் செருப்பு ஜோடியை வைத்தான். பிரதானி நூல் பிடித்து அளந்தார். இரண்டும் ஒரே அளவு. மன்னன் மாட்டிக்கொண்டான். இடது கச்சிதம், வலது தொளதொள.

"தோற்றான்!" என்று துள்ளினார் பிரதானி.

"பொறுங்கள் ஐயா," என்று கொம்பையன் இரண்டாவது பெட்டியைத் திறந்தான். அதே சிவப்பு, அதே சரிகை. அளந்தார்கள். இரண்டும் ஒரே அளவு. இம்முறை வலது கச்சிதம், இடது கடித்தது.

"அரசே, இடதுகாலில் முதல் ஜோடிச் செருப்பும் வலதுகாலில் இரண்டாம் ஜோடிச் செருப்பும் அணிந்தருள வேண்டும்!"

மன்னன் அணிந்தான். எழுந்தான். ஓரடி வைத்தான். பிறகு குதித்தான்! சிம்மாசனத்தைச் சுற்றி ஓடியே வந்தான்!

"இது மோசடி!" என்று கத்தினார் பிரதானி.

"ஒவ்வொரு ஜோடியும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றீர்கள், இருக்கிறது. ஒரே ஜோடியைத்தான் அணிய வேண்டும் என்று யார் சொன்னது? திருவடியைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லையே!"

மன்னன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். விஷயம் புரிந்தது. உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்த நேரத்தில் கோட்டை வாசலில் எக்காளம் முழங்கியது. சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள்!

"மிச்சமான செருப்புகளை என்ன செய்வது?" என்று கேட்டான் மன்னன்.

"அரசர் பாதம் பட்டவை. பிரதானியாருக்கே பரிசளித்து, இப்போதே அணிந்து வரச் சொல்லலாம், அரசே."

மன்னர் பரிசை மறுக்க முடியுமா? பிரதானியின் பாதங்களோ மன்னனின் வலது பாதத்தைவிடப் பெரியவை, இடதைவிடச் சிறியவை. இடதுகாலில் சின்னது கடிக்க, வலதுகாலில் பெரியது நழுவ, அவர் நொண்டி நொண்டிப் பின்னால் வந்தார். மன்னனோ முகமெல்லாம் மலர்ந்து எதிர்கொண்டான். மாப்பிள்ளையின் தாயார் பூரித்துப்போனாள். அங்கேயே தாம்பூலம் மாற்றிவிட்டார்கள்!

"சம்பந்தி, உங்கள் பிரதானி ஏன் இப்படி முகத்தைச் சுளிக்கிறார்?" என்று அவள் கேட்டாள்.

மன்னன் அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்தது. கண்ணில் நீர் வழியச் சிரித்தபடியே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொம்பையனுக்குப் போட்டான். மாசிலானுக்குப் பட்டு கொடுத்தான். பிரதானியைத் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.