பதினான்கு கூடுகள் ஏன் விழுந்தன?

ஏரிக்கரைக் கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. அந்த மாதம் மட்டும் பதினான்கு கூடுகள் அறுந்து தண்ணீரில் விழுந்தன. கடைசியாக விழுந்தது செங்காலி என்ற பெண்குருவிக்காக அதன் இணை குட்டைவாலன் கட்டிய கூடு. அதில் மூன்று முட்டைகள் இருந்தன.

தலைவன் பொன்மார்பன் எல்லாரையும் கூட்டியது.

"சோம்பேறிகள் கட்டினால் இப்படித்தான்! இந்தக் கூட்டைக் கட்டிய குட்டைவாலன் நாளைக்கே மரத்தை விட்டுப் போகட்டும்!"

குட்டைவாலன் தலை குனிந்தது. செங்காலி குனியவில்லை.

"முட்டைகளைப் பறிகொடுத்தவள் நான். நானே அவரைக் குறை சொல்லவில்லை. கூடு ஏன் அறுந்தது என்று யாராவது பார்த்தீர்களா?"

"பார்க்க என்ன இருக்கிறது? வாயை மூடு!"

"மூடமாட்டேன்!"

செங்காலி கரைக்குப் பறந்தது. ஒதுங்கிக் கிடந்த கூடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. வைக்கோல் கூட்டுக்கு இடப்பக்கம் ஒரு முள், பச்சை நார்க் கூட்டுக்கு வலப்பக்கம் ஒரு முள் என்று எண்ணிக்கைக்காகச் சேற்றில் குத்தி வைத்தது. பிறகு மரத்தில் அறுந்துபோகாமல் தொங்கிய கூடுகளையும் சுற்றிப் பார்த்தது.

மாலையில் எல்லார் முன்னாலும் வந்து நின்றது.

"விழுந்தவற்றில் பன்னிரண்டு வைக்கோல் கூடு, இரண்டுதான் பச்சை நார். இவற்றைக் கட்டியதோ ஒருவரல்ல, ஒன்பது பேர்! விழாமல் இருப்பவை பெரும்பாலும் பச்சை நார். பச்சை நாருக்காக வயலுக்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள், மரத்தடி வைக்கோலே போதும் என்று சொன்னது யார்?"

எல்லாக் கண்களும் தலைவன் பக்கம் திரும்பின.

"என் உத்தரவையா குறை சொல்கிறாய்? நீயும் வெளியே போ!"

"போகமாட்டேன்! பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு கூடு கட்டட்டும். ஒன்று வைக்கோல், ஒன்று பச்சை நார். இரண்டும் ஒரே கிளையில். யாரும் முட்டை இட வேண்டாம். ஒரு பெருங்காற்று வரட்டும், பார்ப்போம்!"

குட்டைவாலன்தான் முதலில் நாரெடுக்கக் கிளம்பியது. தலைவன் கத்தக் கத்த, இன்னும் ஒன்பது குருவிகள் அதன் பின்னால் பறந்தன.

கூடுகள் கட்டி முடிந்த எட்டாம் நாள் காற்று சுழன்றடித்தது. வைக்கோல் கூடுகளில் ஆறு விழுந்தன. பச்சை நாரில் ஒன்றுதான் விழுந்தது.

"பார்த்தாயா! உன் பச்சை நாரும் அறுந்துவிட்டது!" என்று பொன்மார்பன் கூவியது.

"ஆமாம், அறுந்தது! அது ஏன் என்றும் பார்க்கத்தான் போகிறேன்!"

செங்காலி ஏரியை நோக்கிப் பாய்ந்தது. மரமே காலியாகி அதன் பின்னால் போனது. உத்தரவு போட்ட பொன்மார்பன் மட்டும் கிளையில் தனியாக உட்கார்ந்திருந்தது.

தவறு நடந்தால் யார்மேல் பழி போடலாம் என்று தேடாமல், எங்கே எத்தனை முறை நடந்தது என்று எண்ணிப் பார்ப்பவர்களே அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள்.