ஊதுபத்தி காட்டிய இடம்

கார்புரேட்டர் சமாசாரம் இது; எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் ஒர்க்‌ஷாப் இடத்துக்குச் சொந்தக்காரர் மாசிலாமணி, உறுமிக்கொண்டிருந்த தன் பழைய பைக்கை அணைக்காமலே என்னிடம் கத்தினார்.

“இங்கே சர்வீஸுக்கு விட்டு எடுத்ததிலிருந்து இப்படித்தான் தானா உறுமுது. உன் புருஷன் கடையைக் காலி பண்ணட்டும்!”

“கார்புரேட்டர் கண்ணாடி மாதிரி மின்னுதே, கழற்றித் துடைச்சு மாட்டினது யாருங்க?”

“நான்தான்! வேற எவனைத் தொட விடுவேன்?”

சாமி படத்து ஊதுபத்தியை எடுத்து, கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் காட்டினேன். புகை சர்ரென்று உள்ளே போனது.

“இந்த இடுக்கில கூடுதலா காத்து இழுக்குதுங்க, அதான் தானா உறுமுது. மாட்டினவர் நட்டைச் சரியா முடுக்கலை. அவரையே காலி பண்ணச் சொல்லலாமா?”

சுற்றி வேடிக்கை பார்த்து நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஸ்பேனர் கேட்டார். பக்கத்திலேயே பெட்ரோல் ஆயிற்றே. ஊதுபத்தியைத் தண்ணீர் வாளியில் முக்கி அணைத்த பிறகுதான் நான் சிரித்தேன்.