கட்டோடு வந்த தோல்

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் குரு ஒரு நர்ஸ். பெயர் புஷ்பலீலா. நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். சீடர் பிரமநாயகம் அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். யார் பேசினாலும் நடுவில் புகுந்து திருத்துவார். புண் விஷயத்தில் மட்டும், "எனக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர், நீங்கதான் குரு" என்று கும்பிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பிரமநாயகம் அமுக்கரா வேரிலிருந்து ஒரு ஸ்டீராய்டைப் பிரித்துக் களிம்பாக்கியிருந்தார். ஸ்டீராய்டு என்றதும் பதற வேண்டாம், செடி தனக்கென்று உண்டாக்கிக்கொள்கிற சரக்கு இது. கண்ணாடித் தட்டில் தோல் அணுக்களை வளர்த்து, நடுவில் கீறிவிட்டு, இதைச் சொட்டு விட்டால் ஒரே நாளில் கீறல் மூடியது. மனுஷர்களுக்குத் தடவிப் பார்க்க அனுமதியும் வாங்கியாயிற்று.

அவருடைய நோட்டில் நோயாளி எண் ஏழு, குலசேகரம் ஊர்க்காரர் தாசையன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். சர்க்கரை நோய். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். "பதினஞ்சு நாள் பாப்போம். மூட ஆரம்பிக்கலைன்னா காலை எடுக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பத்தாம் நாளும் புண் அப்படியே கிடந்தது. பிரமநாயகம் புஷ்பலீலாவிடம் ஓடினார்.

"தட்டுல ஒரே நாள்ல மூடுது சிஸ்டர். இவர் கால்ல ஏன் மூடலை? களிம்பைக் கூட்டிப் போடட்டுமா?"

"எப்பவும் செய்யுத மாதிரி கட்டை அவிழுங்க சாரே. நான் பாக்கேன்."

ஆராய்ச்சிக் கட்டு என்பதால் இது அவர் பொறுப்பு; நாளைக்கு நாலு தடவை அவிழ்ப்பார் மனுஷன். படம் எடுப்பார், அளப்பார், மறுபடி கட்டுவார். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஆதாரம் வேண்டாமா! இப்போதும் துணியை ஒரே இழுப்பாக இழுத்தார். தாசையன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

புஷ்பலீலா அந்தத் துணியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய படலம் அதில் ஒட்டியிருந்தது.

"இது என்னது?"

பிரமநாயகம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "புதுத் தோல்! அப்போ என் மருந்து வேலை செஞ்சிருக்கு சிஸ்டர்! வேலை செஞ்சிருக்கு!"

கட்டிலில் இருந்து தாசையன் கேட்டார்.

"அப்போ என் காலு, சாரே?"

பிரமநாயகத்தின் முகம் செத்துப்போயிற்று. பத்து நாள், நாற்பது படம். முளைக்க முளைக்கத் தன் கையாலேயே உரித்திருக்கிறார். ஐயோ பாவம், அந்த வயசில் தேம்பித் தேம்பி அழுதார்.

"அழுதா ஆறாது" என்றார் புஷ்பலீலா. டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, களிம்பைப் பழைய அளவிலேயே தடவி, ஒட்டாத துணியாகப் பார்த்து வைத்துக் கட்டினார். "சீழ் இல்லை, வாடை இல்லை. டாக்டர்ட்ட கேட்டுட்டேன். அஞ்சு நாளைக்கு யாரும் இதைத் தொடப்பிடாது."

"நான் என்ன செய்யட்டும்? என் கை சும்மா இருக்காதே சிஸ்டர்."

"அவர் காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு இருங்க."

வைத்துக்கொண்டு இருந்தார். முதல் நாள் இரண்டு பேருக்கும் கூச்சம். மூன்றாம் நாள் தாசையன் மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"பட்டையைச் சீவினா மரம் தானா மூடிக்கிடும் சாரே. மூடும் முன்ன அதே இடத்துல கத்தியை வச்சா, அந்த மரம் கதை முடிஞ்சுது."

"இவ்வளவு தெரிஞ்சவர், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"நீங்க என்ட்ட ஒண்ணும் கேக்கலியே."

பிரமநாயகம் மடியில் இருந்த காலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் டாக்டர் கட்டை நனைத்து நனைத்து எடுத்தார். புண்ணின் ஓரம் முழுக்க இளஞ்சிவப்பாகத் தோல் உள்ளே நகர்ந்திருந்தது. "ஆற ரெண்டு மாசம் ஆகும். ஆனா கால் இருக்கும்" என்றார். தாசையன் சிலுவை போட்டுக்கொண்டு, சிரிக்கவும் செய்தார் அழவும் செய்தார்.

பிரமநாயகம் நோட்டைத் திறந்தார். பேனா ஓடவில்லை.

"சிஸ்டர், ஆற வச்சது எதுன்னு எழுத? மருந்தா, கட்டைத் தொடாம விட்டதா?"

புஷ்பலீலா அடுத்த கட்டிலுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"மேல என்ன எழுதியிருக்கு?"

"எண் ஏழு."

"அதை அடிச்சிட்டு தாசையன்னு எழுதுங்க சாரே. மிச்சத்தை அவர்ட்ட கேளுங்க."