சுவரைக் கேட்டுச் சொன்ன தீர்ப்பு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. உலகத்து அறிவெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமாம். கடைத்தெருவில் நீளமாக ஒரு சுவர் எழுப்பினார். பக்கத்தில் கொட்டாங்கச்சி நிறையக் கரித்துண்டு. தெரிந்தவர் எழுதலாம், தப்பென்றால் அழித்துத் திருத்தலாம். நல்ல ஏற்பாடுதான். ரசம் வைக்கும் பக்குவம்கூட அதில் இருந்தது.

ரசத்தோடு விட்டிருக்கலாம். விட்டார்களா? தலைமை நியாயாதிபதி சிகாமணிப் பண்டிதருக்குச் சாட்சிகளை விசாரிக்கச் சோம்பல். எந்த வழக்கு வந்தாலும் சுவரைப் பார்த்து வரச் சேவகனை அனுப்புவார். அவன் வந்து சொல்வதுதான் தீர்ப்பு!

பால்காரி பொன்னுருவியின் எருமையை அரண்மனைச் சாமான் அறையைக் கவனிக்கும் உக்கிராணக்காரர் தன்னுடையது என்றார்.

"சுவர் என்ன சொல்கிறது?" என்றார் பண்டிதர்.

"வளைந்த கொம்புள்ள எருமையெல்லாம் உக்கிராணக்காரருக்கே சொந்தம் என்று இருக்கிறது, சுவாமி" என்றான் சேவகன்.

"அப்படியானால் நாளைப் பொழுது சாய்வதற்குள் எருமையை அவரிடம் ஒப்படைக்க வேண்டியது."

"ஐயோ சாமி, அத அவரேதான் எழுதினாரு! கையில கரிகூட இன்னும் போகல, பாருங்க!" என்று கதறினாள் பொன்னுருவி.

"சுவரை எதிர்த்துப் பேசாதே!"

கை கறுப்பாகத்தான் இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால்தானே!

அவள் நேரே விகடகவி தொந்தியப்பனிடம் ஓடினாள். பண்டிதருக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"அண்ணே, அந்த எருமை போச்சுன்னா என் புள்ளைங்க பட்டினிதான்."

"அழாத தங்கச்சி. ஒரு செம்பு மோர் குடு, யோசிக்கிறேன்."

மறுநாள் ராஜாவே சபைக்கு வந்தார். "மன்னர் வாழ்க!" என்று பண்டிதர் வாய் திறந்ததும், தொந்தியப்பன் தடாலென்று பண்டிதர் காலில் விழுந்தான்.

"அதிசயம், மகாராஜா! பண்டிதர் பேசிவிட்டார்!"

"என்ன உளறுகிறாய்?" என்றார் ராஜா.

"சிகாமணிப் பண்டிதர் பிறவியிலேயே பேச்சு வராதவர் என்று சுவரில் இருக்கிறதே!"

சேவகன் ஓடிப்போய்ப் பார்த்து வந்து, "ஆமாம், இருக்கிறது" என்றான்.

"பொய்!" என்று கத்தினார் பண்டிதர். "நான் பேசுவது காதில் விழவில்லையா?"

"சுவரை எதிர்த்துப் பேசலாமா, சுவாமி?"

"எவனோ கண்டவன் எழுதியிருக்கிறான்!"

"கண்டவன் எழுதும் சுவரென்றால் நேற்றுச் சொன்ன தீர்ப்பு செல்லாது. இல்லை, சுவர் சொல்வதே சரியென்றால், பேச்சு வராதவர் நேற்றுத் தீர்ப்பே சொல்லியிருக்க முடியாது. எருமை யாருடையது, சுவாமி? தாங்களே சொல்லுங்கள்."

பண்டிதர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சத்தமே வரவில்லை.

"பார்த்தீர்களா மகாராஜா, சுவர் சொன்னது சரிதான்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எருமை பொன்னுருவிக்கே! பண்டிதரே, இனி சாட்சியைக் கூப்பிட்டு விசாரியும்!" என்றவர், தன் முத்துமாலையைக் கழற்றித் தொந்தியப்பன் கழுத்தில் போட்டார். மாலை விழுந்ததும் அவன் வாசலுக்கு ஓடினான்.

"எங்கே ஓடுகிறாய்?"

"கடைத்தெருவுக்கு, மகாராஜா. அந்த வரியை அழித்தால்தானே பண்டிதருக்குப் பேச்சு வரும்!"