நாலரை மாத்திரை

“நீங்க சொன்ன மாத்திரைக்கு ஒண்ணும் கேக்கலையே, அம்மா.”

சொன்னவர் புலவர் திருமேனி. காலமெல்லாம் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவர். தலை நரைத்த பிறகு, வைத்தியம் கற்க அங்கயற்கண்ணியிடம் சீடராக வந்து சேர்ந்தார். குருவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

வந்ததற்குக் காரணம் அவர் மனைவி. மாதக்கணக்காகப் பாயை விட்டு எழவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனால் சோறும் இறங்கவில்லை. இப்படியே போனால் ஆள் தங்கமாட்டாள் என்று புலவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

போன வாரம் அங்கயற்கண்ணியே வீட்டுக்கு வந்து நாடி பார்த்தார்.

“தினமும் நாலரை மாத்திரை, புலவரே. நீங்களேதான் கொடுக்கணும்.”

எந்த மாத்திரை என்று புலவர் கேட்கவில்லை. அவசரக்காரர். குருவின் மருந்துப் பெட்டியிலிருந்து சுக்கு மாத்திரையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

“எப்படிக் கொடுத்தீங்க?” என்றார் அங்கயற்கண்ணி இப்போது.

“நாலு முழுசு. இன்னொண்ணைப் பாக்குவெட்டியால ரெண்டாக்கி அதுல பாதி. பாதி நாள் தூளாப் போயிடுது.”

அங்கயற்கண்ணிக்குச் சிரிப்பு வந்தது. புலவரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாவம், தூங்காமல் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“உங்க படிப்புல மாத்திரைன்னா என்ன?”

இலக்கணம் என்றால் போதும், புலவர் நிமிர்ந்துவிடுவார். “எழுத்தை ஒலிக்கிற கால அளவு. கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம், ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை.”

“வீட்டுல அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?”

புலவர் விரலை நொடித்துக் காட்டினார்.

“எப்பவுமேவா?”

“கல்யாணமானதிலேருந்து. உடனே வந்து நிப்பா.” பெருமையாகத்தான் சொன்னார்.

“நாடி பாக்கும்போது அவங்க பேர் கேட்டேன். யோசிச்சுத்தான் சொன்னாங்க.”

புலவர் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கை பழக்கதோஷத்தில் மாத்திரை எண்ண ஆரம்பித்தது.

மீ, இரண்டு. னா, இரண்டு. கடைசியில் ஒரு ள்.

கட்டைவிரல் அங்கேயே நின்றுவிட்டது.

குருவிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார். வாசற்படியில் நின்றதும் கை தானாக எழுந்தது. அதை மடக்கிக்கொண்டார்.

“மீனாள்.”

அவருக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

உள்ளே பாய் சரசரத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“யாரு வந்திருக்கிறது?” என்றாள்.